சோப்புப் போட்ட முட்டை

அத்தியாயம் 14

இருபத்து நாலு கூஸ் வாத்து முட்டைகளைப் பொரிக்கும் பெட்டிக்குள் அடுக்கி வைத்துவிட்டு, மருமகள் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர்களுக்கு, இன்று முப்பதாவது நாள் என்பது தெரியும். புதிதாக வருகிறவர்களும் தாராளமாக உள்ளே வரலாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தால் போதும். அது வீட்டுக்காரர் போட்ட சட்டம்.

வீட்டுக்காரர் என்றால் பினாயில். முப்பத்து மூன்று வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். போகப் போக அது முன்பக்கத்துக்கும் வந்துவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு இதைவிட மோசமான வாசனையில் பெயர் இருக்கிறது.

மகனுக்குக் கப்பலில் வேலை. எட்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து, துணி துவைக்கப் போட்டுவிட்டுப் போவான். பின்கட்டில் சும்மா கிடந்த நிலத்தில் குட்டை வெட்டி, நாற்பது வாத்தும் நாலு கூஸும் விட்டு, இந்த வீட்டை ஒரு பண்ணை என்று சொல்லும்படி ஆக்கியவள் மருமகள்தான். நாலு கூஸில் மூன்று பெட்டை. ஒன்று ஆண். அதற்கு ஜட்ஜ் என்று பெயர். கேட்டைத் திறக்கிற யாரையும் கழுத்தை நீட்டி விசாரிக்காமல் விடாது.

பொரிக்கும் பெட்டி பறவை வளர்ப்போர் சங்கத்தின் பெரிய இன்குபேட்டர். ஒரே ஒரு ஈடு பொரிக்க இந்த வீட்டுக்கு வந்திருந்தது. இன்று சங்கத்தின் செயலாளர் வந்து பார்ப்பார். குஞ்சு நன்றாக வந்திருந்தால் பெட்டி இங்கேயே நிரந்தரமாக இருக்கும். இந்த இடமே சங்கத்தின் இனப்பெருக்க நிலையம் ஆகிவிடும். வராவிட்டால், சாயந்திரமே வேறு வீட்டுக்குப் போய்விடும்.

மருமகள் இரண்டு வருடமாக வேறு எதையும் கேட்டதில்லை.

பினாயிலுக்கு ஒரு ரகசியம் இருந்தது. கெட்ட ரகசியமில்லை, நேற்றுவரை அதை ஒரு மிட்டாய் போல வாய்க்குள் ஒதுக்கி வைத்திருந்தார்.

ஒரு மாதம் முன்பு மருமகள் தன் அம்மா வீட்டுக்கு இரண்டு நாள் போனாள். மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனாள். தனியாக இருந்த பினாயில் சாமான் அறைக்குள் எட்டிப் பார்த்தார். பொரிக்க வைப்பதற்காகச் சேர்த்திருந்த முட்டைகள். ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத பருமன். ஒவ்வொன்றிலும் சேறு, எச்சம், ஒட்டின வைக்கோல்.

'இப்படியா ஒரு ஜீவன் உலகத்துக்கு வரும்?' என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

குழாயடியில் உட்கார்ந்தார். வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீர், குளிக்கிற சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். ஒரு மத்தியானம் முழுக்கக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டி, துண்டில் ஒற்றி எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

திரும்பி வந்த மருமகளுக்கு ஒரே ஆச்சரியம். "மாமா, புது வைக்கோல் போட்டது நல்ல வேலை செஞ்சிருக்கு பாருங்க! காய்ஞ்ச அழுக்கெல்லாம் தானா உதிர்ந்து எவ்ளோ சுத்தமா இருக்கு!"

"ம்" என்றார் பினாயில். குஞ்சு பொரிக்கிற அன்று, எல்லோரும் மெச்சிக்கொண்டிருக்கும்போது, போகிற போக்கில் அடக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அந்த அடக்கம்தான் இன்றைக்கு அவர் கழுத்தைப் பிடித்தது.

*

செயலாளர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். ஐம்பது வயது, கண்ணாடி, ஆண்கள் போடுகிற மாதிரி பெரிய வாட்ச். ஜட்ஜ் விசாரிக்க ஓடி வந்தது. அந்த அம்மாள் அதன் கழுத்தடியைப் பிடித்து அப்படியே அக்குளில் இடுக்கிக்கொண்டு, குடை கொண்டு வந்தவர் போல நடந்து வந்து, நிதானமாகக் கீழே இறக்கி விட்டார். ஜட்ஜுக்கே முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை முட்டையில ஓட்டை விழுந்திருக்கு?" என்றார் வந்ததும் வராததுமாக.

"இன்னும் ஒண்ணும் விழல மேடம்." மருமகள் குரல் சின்னதாக இருந்தது. "பத்தாம் நாள் டார்ச் அடிச்சுப் பார்த்தப்ப பதினேழுல நரம்பு தெரிஞ்சுது. இருபதாம் நாள்கூட ஆடுச்சு. நேத்துலேர்ந்துதான்..."

பெட்டியைத் திறந்தாள். சூடு முகத்தில் அடித்தது. சூட்டோடு கூட இன்னொன்றும் அடித்தது. பினாயில் தன் உத்தியோக காலத்தில் எத்தனையோ சாக்கடைக்குள் எட்டிப் பார்த்தவர். அவரே ஓரடி பின்னால் வைத்தார்.

"அந்த மூலையில இருக்கறது வேர்த்திருக்கு பாரும்மா, அதைத் தொடா..." என்று செயலாளர் சொல்லி முடிப்பதற்குள், டப்.

அவ்வளவுதான். பலூன் வெடித்த சத்தம்கூட இல்லை. ஆனால் செயலாளரின் கண்ணாடியில், காலண்டரில், மாமியாரின் காபி டம்ளரில், சுவரில், எங்கும் பச்சையும் கறுப்புமாக ஒன்று வழிந்தது. அதன் நாற்றத்தை எழுதினால் இந்தப் பத்திரிகையை நீங்கள் வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டீர்கள்.

செயலாளர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெடிக்காத ஒரு முட்டையை எடுத்து, கட்டை விரலால் மெதுவாகத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். வெளிச்சத்தில் திருப்பினார்.

"முட்டையைக் கழுவினியா?"

"இல்ல மேடம்."

"யோசிச்சு சொல்லு. ஓட்டு மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கும். அதுதான் அதுக்கு வாசக்கதவு. இதுல அது சுத்தமா போயிருக்கு. யாரோ நல்லாத் தேய்ச்சிருக்காங்க. பச்சத் தண்ணி பட்டா உள்ள இருக்கறது சுருங்கும்; சுருங்கறப்ப வெளில இருக்கற அழுக்கையெல்லாம் உள்ள இழுத்துக்கும். அப்புறம் முப்பது நாள் சூட்டுல வெச்சா என்ன ஆகும்? இதுதான் ஆகும்."

கதவாம். வாசக்கதவைப் பினாயில் சோப்புப் போட்டுப் பெயர்த்து எடுத்திருக்கிறார்.

"நான் கழுவல மேடம். சத்தியமா கழுவல. அழுக்கா இருந்தா உலர்ந்த துணியால லேசா தட்டி விடணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"கழுவினேன்னு சொன்னா நான் ஒண்ணும் தூக்குல போடப் போறதில்ல. தெரியாம பண்றது சகஜம். பொய் சொல்றதுதான் எனக்கு ஆகாது. பொய் சொல்ற இடத்துல சங்கத்து சாமானை விட்டு வைக்க முடியாது."

மருமகளின் முகம் சிவந்தது. செயலாளர் பினாயில் பக்கம் திரும்பினார். திரும்பியபோது குரலில் மரியாதை ஏறியது. அதுதான் கொடுமை.

"சார், நீங்க சுகாதாரத்துறையில இருந்தவங்க. நீங்களே சொல்லுங்க. இந்த வீட்ல யாராவது முட்டையைக் கழுவினாங்களா?"

இப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. 'நான்.' ஓரெழுத்துக்குக் கொஞ்சம் கூட. அவர் வாயைத் திறந்தார். முப்பத்து மூன்று வருடம், கை கழுவுங்கள், பாத்திரம் கழுவுங்கள், காய் கழுவுங்கள் என்று வீடு வீடாகப் போய் மிரட்டிய வாய். அது சொன்னது:

"எனக்குத் தெரியாதும்மா."

"சரி" என்றார் செயலாளர். "நாலு மணிக்கு வேன் வரும்."

*

மத்தியானம் வரை வீட்டைக் கழுவினார்கள். பினாயில் ஊற்றித்தான். அந்த வாசனை அன்று முதன்முறையாக அவருக்குக் குமட்டியது.

மாமியார் சுவரைத் தேய்த்துக்கொண்டே புலம்பினாள். "அந்தப் பொண்ணு பொய் சொல்றவ இல்ல. எனக்குத் தெரியும். அப்ப முட்டை தானா போயி குளிச்சிட்டு வந்துச்சா? ஏங்க, உங்களைத்தான் கேக்கறேன்."

"எனக்கென்ன தெரியும்?"

"முன்னெல்லாம் உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருந்ததே இல்லையே! இன்னிக்கு ஒரே நாள்ல எல்லாம் மறந்து போச்சாக்கும்."

பினாயில் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

பின்கட்டில் குழி வெட்டுவது அவர் பொறுப்பு. இடுப்பளவு ஆழம், அடியில் சுண்ணாம்பு. அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மருமகள் மிச்சமிருந்த இருபத்து மூன்று முட்டைகளையும் வாளியில் கொண்டு வந்தாள். மூக்கில் துணி கட்டியிருந்தாள். கையில் நோட்டுப் புத்தகம்.

"அப்படியே கொட்டிடும்மா."

"இல்ல மாமா. ஒண்ணொண்ணா உடைச்சுப் பாக்கணும். எத்தனாவது நாள் நின்னு போச்சுன்னு தெரிஞ்சாத்தான், நான் எங்க தப்பு பண்ணேன்னு தெரியும்."

உடைத்தாள். பார்த்தாள். எழுதினாள்.

"இது பதினாலு... இது கண்ணு மட்டும் வந்திருக்கு... இது இருபத்தொண்ணு." ஒரு முட்டையில் அதிக நேரம் நின்றாள். "மாமா, இதுக்கு இறகு வந்திருச்சு. அலகு மேல அந்தச் சின்ன முள்ளுகூட இருக்கு. அதாலதான் ஓட்டை உடைச்சிட்டு வெளிய வரும். இருபத்தேழு நாள் இருந்திருக்கு. இன்னும் மூணே நாள்."

பினாயில் மண்வெட்டியால் குழியின் ஓரத்தை மறுபடி செதுக்கினார்.

"வைக்கோல் ஈரமா இருந்திருக்குமோ? இல்ல, தெனம் வெதுவெதுன்னு தண்ணி தெளிக்கறப்ப அதிகமா தெளிச்சிட்டேனா? என் கையில ஹேண்ட் க்ரீம் ஏதாவது..." தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு நாளாக, ஒவ்வொரு வேலையாக, தன்னைத்தானே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தாள். குற்றவாளி எதிரே மண்வெட்டியோடு நின்று சாட்சி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் நிமிர்ந்தாள். "நீங்க இந்த நாத்தத்துல நிக்க வேணாம் மாமா. வயசான காலத்துல தலை சுத்தும். உள்ள போங்க, நான் மூடிக்கறேன்."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். பூமி பிளந்து உள்ளே போகலாம் என்று இருந்தது. குழியோ ஏற்கெனவே தயாராக இருந்தது, அவரே வெட்டியது, ஆழமும் சரியாகத்தான் இருந்தது.

உள்ளே போனபோது மாமியார் ஒரு முடிவோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, வேன் வந்ததும் நான் சொல்லிடப் போறேன். நான்தான் கழுவினேன்னு."

"நீயா?"

"வயசான பொம்பளை, வெவரம் தெரியாம பண்ணிட்டேன்னா அந்தம்மா என்ன, கடிச்சா திங்கப் போகுது? அந்தப் பொண்ணு பொய்காரின்னு பேரு வாங்கக் கூடாது. பெட்டியும் இங்கேயே இருக்கும்."

அந்த நேரத்தில் பினாயில் என்ன சொன்னார் என்பதை மறைத்துவிடத்தான் ஆசை. ஆனால் இத்தனை வாரம் கூட வந்தவர்களிடம் மறைப்பது நியாயமில்லை.

"நல்ல யோசனைதான்" என்றார்.

சொன்ன பிறகு அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது. மனைவி தலையை ஆட்டிவிட்டு, நல்ல புடவையாக ஒன்று எடுத்து மாற்றிக்கொள்ளப் போனாள். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூட அவளுக்குப் பாந்தமாக இருக்க வேண்டும்.

பினாயில் குட்டைக்கரைக்குப் போய் வாத்துகளுக்குத் தண்ணீர் மாற்றினார். தொட்டி நிறையத் தெளிந்த நீர். வாத்துகள் சேற்று அலகோடு ஓடி வந்து மூன்று நிமிடத்தில் அதைக் கூழாக்கின. வழக்கமாக இதற்குக் கத்துவார். இன்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் ஒளிக்கத் தெரியாத பிறவிகள். அழுக்கை முகத்திலேயே வைத்துக்கொண்டு திரிகின்றன.

*

நாலு மணி என்றால் நாலு மணி. வேன் வந்தது. செயலாளரும் டிரைவரும் இறங்கினார்கள்.

மாமியார் முன்னால் போய் நின்றாள். "மேடம், ஒரு நிமிஷம். அவ ஒரு தப்பும் பண்ணல. முட்டையைக் கழுவினது நான்தான்."

"அத்தை!" என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரு கண்ணு. நான்தான் மேடம். பயத்துல காலையில சொல்லல."

செயலாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எப்படிக் கழுவினீங்க?"

மாமியார் இதை எதிர்பார்க்கவில்லை. "எப்படின்னா... நல்லா... வெதுவெதுன்னு வெந்நீர் வெச்சு, பதமா..."

"வெந்நீர்னா ஒண்ணும் ஆகியிருக்காதும்மா. முட்டையைவிடத் தண்ணி சூடா இருந்தா அழுக்கு உள்ள போகாது." செயலாளர் பெருமூச்சு விட்டார். "இப்ப நீங்களும் பொய் சொல்றீங்க. இந்த வீட்ல எத்தனை பேரு பொய் சொல்லுவீங்க?"

மாமியாரின் கை புடவைத் தலைப்பைத் திருகியது. நாற்பது வருடக் குடித்தனத்தில் அவள் அப்படிக் கூனிக் குறுகி நின்று பினாயில் பார்த்ததில்லை. நல்ல புடவை வேறு.

"பச்சத் தண்ணி" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். பினாயிலும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார், யார் பேசியது என்று. அவரேதான்.

"குழாய்த் தண்ணி. குளிக்கிற சோப்பு. பல் தேய்க்கிற பிரஷ். இவங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தப்ப, நான்தான் கழுவினேன். அழுக்கா இருந்துச்சு. பாக்கச் சகிக்கல."

டிரைவர் இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினான்.

"காலையில நான் கேட்டேனே சார்?" என்றார் செயலாளர். 'சார்' இப்போது வேறு மாதிரி ஒலித்தது.

"பொய் சொன்னேன்."

"அவளைப் பொய்காரின்னு சொன்னப்ப பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"இவங்க பழியை ஏத்துக்கப் போறாங்கன்னு தெரியுமா?"

பினாயில் மனைவியைப் பார்க்கவில்லை. "தெரியும். நல்ல யோசனைன்னு சொன்னேன்."

மாமியார், "அய்யோ, அதையுமா சொல்லணும்?" என்று முணுமுணுத்தாள்.

செயலாளர் கொஞ்ச நேரம் வாட்சைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு மருமகளின் தோளில் கை வைத்தார். "உன்னை அப்படிக் கேட்டது என் தப்பும்மா. மனசுல வெச்சுக்காத. ஆனா கமிட்டியில சும்மா போயி நிக்க முடியாது. இந்த வீட்டுப் பறவைங்க கிட்ட குறையில்லன்னு காட்ட ஏதாவது வேணும்." சட்டென்று முகம் தெளிந்தது. "ஏன், இருக்கே! போன மாசம் எனக்குன்னு பன்னிரண்டு முட்டை அனுப்பினியே. எங்கம்மா வாங்கி நேரா எங்க கூஸுக்கு அடியில வெச்சிட்டாங்க. நான் கையில தொட்டுக்கூடப் பாக்கல. வியாழக்கிழமை பொரிக்கணும். அதுல ஒரு எட்டு ஒன்பது வந்தாலும் போதும், நான் பேசிக்கறேன். அதுவரைக்கும் பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

"அது போதும் மேடம்" என்றாள் மருமகள். காலையிலிருந்து அடக்கி வைத்தது அப்போதுதான் கண்ணில் வந்தது.

பினாயிலுக்கு உடம்பு லேசாகிவிட்டது. உண்மை பேசுவது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் காலையிலேயே பேசியிருக்கலாமே! கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எத்தனை பேர் இப்படி நெஞ்சை நிமிர்த்தி ஒப்புக்கொள்வார்கள்? செயலாளர் வேனில் ஏறி உட்கார்ந்து கையசைத்தபோது அவரும் கை தூக்கினார்.

தூக்கிய கை பாதியில் நின்றது.

பன்னிரண்டு.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள். உண்மை வெளியே வந்த பிறகு இப்போதுதான் முதன்முதலாக அவர் முகத்தைப் பார்க்கிறாள். அதில் கோபம் இருந்தது. அதை அவர் எதிர்பார்த்தார். ஆனால் அவள் கேட்டது வேறு.

"மாமா, அன்னிக்கு எத்தனை முட்டை கழுவினீங்க?"

இருபத்து நாலு என்றால் முடிந்தது. வியாழக்கிழமை என்ன ஆனாலும் கூஸ் சரியாக உட்காரவில்லை, மழை, இடி, எத்தனையோ காரணம் இருக்கிறது. யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை.

"முப்பத்தாறு" என்றார் பினாயில்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாமான் அறையில சின்னக் கூடை ஒண்ணு தனியா இருந்துச்சும்மா. மேல 'செயலாளர் மேடம்'னு சீட்டு ஒட்டியிருந்துச்சு. வெளி ஆளுக்குப் போறதாச்சே, நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு..." மென்று விழுங்கினார். "அதுக்கு மட்டும் ரெண்டு தடவை சோப்பு."

"அட கூமுட்டை மனுஷா!" என்றாள் மாமியார், நாற்பது வருடத்தில் முதல் தடவையாக.

சந்து குறுகல். டிரைவர் வேனைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டிருந்தான். மருமகள் அதைப் பார்த்தாள். பிறகு அவரை. குரலை உயர்த்தவில்லை.

"வேன் இன்னும் முனை திரும்பல. நீங்களே போயி சொல்லுங்க மாமா. நான் சொல்ல மாட்டேன். அத்தையும் சொல்ல மாட்டாங்க."

அறுபத்து இரண்டு வயதில் பினாயில் ஓடினார். ஒரு செருப்பு கேட்டருகே கழன்றது, எடுக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டெல்லாம் ஓட முடியவில்லை. குனிந்துகொண்டுதான் ஓட வந்தது. முனையில் வேன் திரும்பப் போகிற நேரத்தில் கண்ணாடியைத் தட்டினார்.

கண்ணாடி இறங்கியது. செயலாளரின் முகத்தில் பழைய மரியாதை கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. சிரிப்புகூட இருந்தது.

"என்ன சார், இப்படி ஓடி வரீங்க? சொல்ல ஏதாவது விட்டுப் போச்சா?"